அடுப்படியில் வைத்த கேமரா

டிஸ்கித் ஆங்மோவுக்கு ஜூலே. நானும் உன்னைப் பெற்ற அமாலேயும் சுகம், மாடும் கன்றும் சுகம், என் கோபமும் சுகம், நன்றாகத் தின்று கொழுத்திருக்கிறது. போனில் நான் வாயைத் திறந்தாலே டெல்லியில் உனக்கு சிக்னல் போய்விடுகிறது, அதனால்தான் லே போகிற பஸ் டிரைவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன், காகிதத்தை உன்னால் துண்டிக்க முடியாது.

கேமரா கெட்டது என் தப்புதான். பனிச்சிறுத்தையைப் படமெடுக்க நம் வீட்டில் வந்து தங்கிய உன் டூர் கம்பெனி முதலாளி கக்கட் சாகிப் பகல் முழுக்கப் பனியில் நின்றுவிட்டு வந்து, கேமராவைப் பைக்குள் மூடி வெளியறையிலேயே வைத்துவிட்டு சாப்பிட உட்கார்ந்தார். எட்டாவதை இரண்டு வருஷம் படித்த உன் அப்பனுக்கு என்ன தெரியும், விருந்தாளியின் சாமான் செருப்போடு கிடக்கலாமா என்று, லாமாவை உட்காரவைக்கும் இடத்தில், அடுப்பை ஒட்டிக் கம்பளம் விரித்து கேமராவைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். அதற்கு வேர்த்துக் கொட்டியது, குளிர்விட்டது பாவம் என்று சட்டைக் கையால் துடைத்தும் விட்டேன். வெளியேதானே துடைக்க முடியும், உள்ளே இறங்கிய நீர் மறுநாள் காலை மலைமேல் ஐஸாகிவிட்டது. பனிச்சிறுத்தை இரண்டு குட்டிகளோடு எதிர்ச்சரிவில் நிதானமாக நடந்து போகிறது, கேமராவில் பார்த்தால் பாலைக் கொட்டிய மாதிரி இருக்கிறது. பேட்டரிகளை மட்டும் என் கக்கத்தில் சூடாக வைத்திருந்தேன், அதை யார் பாராட்டினார்கள்.

குளிர்ந்த கேமரா வெளியறையிலேயே ஒரு மணி நேரம் பைக்குள் இருந்திருக்க வேண்டும் என்று அவர் கத்தினார், நான் தலை குனிந்து இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டேன், அதோடு போயிருக்கும். ஆனால் அவர் உன் அமாலே எதிரிலேயே, "டிஸ்கித் முன்னாடியே சொன்னா, அந்த வீட்டுக் கெழவன் கொஞ்சம் மக்கு, எதையும் தொடவிடாதீங்கன்னு" என்றார். உன் அமாலே வெண்ணெய்த் தேநீர் கடைவதை நிறுத்திவிட்டாள். அவர் போன பிறகு என்னிடம், "மக்குன்னது போகட்டும், நானே தினம் சொல்றதுதான். 'அந்த வீட்டு'ன்னாளாமே, எந்த வீடாம்?" என்று கேட்டாள். அன்று மாலை நீ போன் செய்தாய், அவள் முழங்கால் வலியைக்கூட விசாரிக்கவில்லை, "அபாலே, நீங்க யாருன்னு அவர்கிட்ட சொல்லலையே?" என்றாய். சொல்லவில்லை தாயே. சொந்த வீட்டுக்கே ஆள் அனுப்புகிறாள் என்று பேர் வரும் என்கிற பயம் எனக்கும் புரிகிறது, அதற்காகப் பெற்றவனை விலாசமில்லாதவன் ஆக்குவாயா?

அடுத்த கூட்டம் வருவதற்குள் "அது எங்கள் வீடு, அவர் என் அப்பா" என்று சாகிபிடம் நீயே சொல்லிவிடு. சொல்லாமல் ஆட்களை அனுப்பினால் கதவைத் திறக்க மாட்டேன், குளிரில் நிற்பது அவர்களாக இருந்தாலும் குற்றம் உன்னுடையது.

லோசர் புத்தாண்டுக்கு வா. வந்ததும் நேரே அடுப்படிக்கு வந்துவிடாதே, வெளியறையில் ஒரு மணி நேரம் உட்கார், அந்த சாகிப் சொல்லிக்கொடுத்த ஒரே நல்ல பாடம் அது. குளிர்ந்து போனதைச் சட்டென்று சூட்டுக்குக் கொண்டுவந்தால் தண்ணீர் விடும், அதை உன் அமாலே பார்க்க வேண்டாம். நீண்ட நாள் நன்றாக இரு. தலைக்குக் குல்லாய் போடு.

இப்படிக்கு,
அந்த வீட்டுக் கெழவன்,
நவாங் புன்சோக்