இலவம் பஞ்சு தாழவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? தம்பி ஸ்ரீபன் சுகமா? நோர்வேயில் குளிர்தான், மற்றபடி நான் நலம்.

போன கிழமை ஆய்வுகூடத்தில் இலவம் பஞ்சைப் பரிசோதித்தோம். அதன் ஒவ்வொரு இழையும் உள்ளே வெறுங்குழாய், வெளியே மெழுகு. அதனால் எண்ணெயை உறிஞ்சும், தண்ணீரை ஏற்காது. உயிர்காப்பு அங்கிக்குள் அடைக்கலாமா என்று பார்க்க, பஞ்சுப் பொதியில் இரும்பைக் கட்டி உப்புநீரில் விட்டேன். மூன்று நாளாகியும் தாழவில்லை.

"உங்கள் ஊரில் இந்த மரம் இருக்கிறதா?" என்று பேராசிரியர் கேட்டார்.

"மாதா கோயில் வளவில் நிற்கிறது" என்றேன். "உந்தப் பாரத்தைப் போட்டுக்கொண்டு வலை இழுக்கேலாது பிள்ளை" என்று அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு நாயாற்றுக் கடலுக்குப் போய்த் திரும்பி வராத அப்பா நினைவுக்கு வந்தார். கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். நீங்கள் யோசிக்காதேங்கோ அம்மா.

வலை இழுப்பவர்களுக்குத் தோதான, பாரமில்லாத அங்கி செய்யலாமாம். அதுவரை ஸ்ரீபன் கடலுக்குப் பழைய அங்கியையாவது போட்டுக்கொண்டு போகட்டும்.

எங்கள் ஊர்ப் பஞ்சையும் பரிசோதிக்க வேண்டும். காய் வெடித்ததும் பொறுக்கி, ஒரு பையளவு அனுப்புங்கள். அவசரமென்று அப்பாவின் தலையணையைப் பிரித்துவிடாதேங்கோ.

பஸ் தரிப்பிடத்தில் இருந்துதான் எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
ஜெனிற்றா