பொன்னாடை போட்டதும் திரை இருண்டது

அன்பு மகள் ரூபினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நம் ஊர் பீடோங்கில் நானும் அம்மாவும் சுகம், டப்லின் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்றே நம்புகிறேன். தொலைபேசியில் பேசினால் பாதி விஷயத்தை விழுங்கிவிடுவேன் என்பதால் கையால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். எழுதப்போவது:

1. எங்கள் உடல்நிலை
2. சனிக்கிழமை உன் திரை இருண்ட காரணம்
3. அதன் பிறகு மண்டபத்தில் நடந்தது
4. மீதி இரண்டு வகுப்புகளை நிறுத்திவிடுவதே நல்லது என்பதற்கான காரணங்கள்

என் முழங்கால் பரவாயில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, மருத்துவரிடமிருந்து திரும்பும்போதே அந்தச் சந்தோஷத்தில் ஜிலேபி வாங்கினாள்.

இனி இரண்டாவது. வெளிநாட்டு மாநாடுகளில் இணையப் பக்கக் கருவிகளைப் பற்றிப் பேசும் நீ, சொந்த ஊர்க் கடைக்காரர்களுக்கும் அங்கிருந்தே காணொளியில் மூன்று வகுப்பு நடத்த ஆசைப்பட்டாய். முதல் வகுப்பில் நீ வணக்கம் சொன்னதோடு எல்லாம் கறுத்துப்போய், ஊரார் வேண்டுமென்றே உன் இணைப்பைத் துண்டித்துவிட்டதாக நினைத்துவிட்டாய். அப்படியில்லை அம்மா. கோயில் இளைஞர் மன்றத்துத் தேவனுக்கு, பேச்சாளருக்கு மரியாதை செய்யாமல் கூட்டத்தைத் தொடங்கி வழக்கமில்லை. பேச்சாளர் டப்லினில் இருந்தால் என்ன என்று மடிக்கணினிக்கே பொன்னாடை போர்த்தினான். "அக்கா கழுத்து எங்க இருக்குன்னே தெரியல லா" என்று சொல்லிக்கொண்டே மேலே ஒரு ரோஜா மாலையையும் போட்டான். மாலையின் கனத்தில் மூடி படக்கென்று சாத்திக்கொண்டது. திறந்தால் கடவுச்சொல் கேட்கிறது. கணினி அவன் மனைவி லோகேஸ்வரியுடையது, அவளோ தொழிற்சாலை ஷிஃப்டில், கைப்பேசி லாக்கரில். உன் வகுப்புக்கான இணைப்பும் அந்தக் கணினிக்குள்தான். உன் எண் இருக்கும் என் கைப்பேசியோ வீட்டில் சார்ஜில் கிடந்தது, நீ ஒன்பது முறை அழைத்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் எழுந்து செருப்பைத் தேடத் தொடங்கியதும் தேவன் என்னைப் பார்த்து, "கிராணி ஐயா, நீங்க வீட்ல பழகிப் பார்த்தீங்கதானே, கொஞ்ச நேரம் ஓட்டுங்க" என்றான். தோட்ட ஆபீசில் முப்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தும் நான் நாலு பேர் முன்னால் வாய் திறந்தவனில்லை என்பது உனக்குத் தெரியும். நீ அனுப்பிய குறிப்புகளை நோட்டில் படியெடுத்து வைத்திருந்தேன், என் கணினியும் பையில் இருந்தது. வேறு வழியில்லாமல் எழுந்தேன். முன்வரிசையில் இருந்த ஃபரீதாவின் நாசி கண்டார் சோற்றுக் கடைப் பக்கத்தைத் திறந்து, நீ சொன்னபடி சுட்டியின் வலது பொத்தானை அழுத்தி, உள்ளே இருக்கும் எழுத்துகளைக் காட்டி, கடையின் பெயரை அழித்துவிட்டு என் பெயரில் 'குழந்தைவேலு உணவகம்' என்று அடித்தேன். புரொஜெக்டர் வழியாகச் சுவரில் பெரிதாகத் தெரிந்தது. ஃபரீதா எழுந்தே நின்றுவிட்டாள். "அங்கிள்! எங்க வாப்பா காலத்துக் கடையை ரெண்டு நிமிஷத்துல எழுதி வாங்கிட்டீங்களே!" என்றாள். எனக்கும் உயிர் போய்விட்டது, உலகம் முழுக்க மாறிவிட்டதோ என்று மூன்று தடவை மன்னிப்புக் கேட்டேன். பிறகுதான் நோட்டின் ஏழாம் பக்கம் கண்ணில் பட்டது, இந்த மாற்றம் நம் திரையில் மட்டும்தான், பக்கத்தை மறுபடி ஏற்றினால் பழையபடி வந்துவிடும் என்று. ஏற்றினேன், வந்தது. ஒரே கைதட்டல். செருப்புத் தேடியவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்து கைப்பேசியில் எப்படித் தெரியும் என்று காட்டும் பொத்தானை அழுத்தினால், ஃபரீதா கடையின் தொலைபேசி எண் திரையின் விளிம்புக்கு வெளியே போய்விடுகிறது, பாதி எண்தான் தெரிகிறது. "அதான் ஒருத்தரும் போன் போட்டு ஆர்டர் பண்ணலையா! நான் சம்பல் சரியில்லைன்னு சமையல்காரரைத் திட்டிக்கிட்டு இருந்தேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். எப்படிச் சரிசெய்வது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, தெரியாது என்றே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மீதி இரண்டையும் ரத்து செய்யச் சொல்லி உன் செய்தி. நானும் அதுவே சரி என்று நினைத்துத்தான் நான்காவதை எழுதினேன். காரணங்கள் இவை. எனக்குப் பாடம் தெரியாது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. முக்கியமான கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ஃபரீதா இன்று காலையும் காய் வாங்கப் போன பாசாரில் என்னை மறித்து "அக்கா எப்ப வருவாங்க" என்று அந்த எண்ணைச் சரிசெய்வதற்காகவே கேட்டாள்.

கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. உன் கடவுச்சீட்டு மார்ச்சில் முடிகிறது, ஜனவரியிலேயே புதுப்பித்துவிடு. எல்லா நலமும் பெற்று நீண்ட காலம் வாழ எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு உன் அப்பா,
சி. குழந்தைவேலு

பி.கு.: எழுதியதைத் திரும்பப் படித்தேன். மூன்று காரணங்களும் நான் வகுப்பெடுக்கக் கூடாது என்பதற்கானவை, நீ எடுக்கக் கூடாது என்பதற்கு ஒன்றுகூட இல்லை. மையில் எழுதியதை அடிக்க எனக்கு மனம் வராது, ஆகவே நீயே அடித்துக்கொள்: நான்காவது தவறு. வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு உன் இரண்டாவது வகுப்புக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டேன்.