ரோடு வரைக்கும் கேட்டது

வியாழன், இரவு.

தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர் குடித்தும் பயனில்லை.

கல்லூரிக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பாலியல் நலம் பற்றி இன்று நான் பேசினேன். தொடங்கியதுமே பிரின்சிபால் மைக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார். "ரோடு வரைக்கும் கேக்குது மேடம்." காலையில் அதே மைக்கில் அவர் ஒழுக்கம் பற்றிப் பேசியதும் ரோடு வரைக்கும்தான் கேட்டது. மைக் இல்லாமல் கத்திப் பார்த்தேன். பின்வரிசைக்கு என் வாயசைவு மட்டும்தான் போயிருக்கும்.

சாயங்காலம் தொண்டி பஸ்ஸில், அந்தப் பின்வரிசைப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மிஸ், வெள்ளப்பட்டு அரிச்சா, தப்புப் பண்ணுனதாலதான் வருமா? எங்கம்மா அப்படித்தான் சொல்லுது. நான் ஒண்ணுமே பண்ணல மிஸ்."

அழுதுவிடுவாள் போலிருந்தது. பஸ் இரைச்சலில் என் பதில் அவளுக்குக் கேட்கவில்லை. குரலை உயர்த்தினேன். தேவிபட்டினம் ஸ்டாப்பில் டிரைவர் என்ஜினை அணைத்தது தெரியாமல் கத்திக்கொண்டிருந்தேன்.

"கல்யாணம் ஆகாத பிள்ளைக்கும் வெள்ளப்படும்! அதுல தப்பு ஒண்ணுமில்ல. அரிச்சா ஆஸ்பத்திரில காட்டு, சரியாயிரும்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நாளைக் காலைக்குள் இது பிரின்சிபால் காதுக்குப் போய்விடும். அவருக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை.

திருப்பாலைக்குடியில் இறங்கும்போது, முன் சீட்டிலிருந்த மீன்கார அம்மா காலிக் கூடையோடு என் காதருகே குனிந்தார்.

"நாளைக்கும் இந்த பஸ்லதான் வருவீகளா, டீச்சர்?"