தெரியல மிஸ்

செவ்வாய், இரவு

அரியலூர் ஆபீஸிலிருந்து இன்று சீக்கிரமே பஸ் ஏறிவிட்டேன். பெரம்பலூர் வந்து, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மகள் யாழினியின் சிரிப்பு கேட்டது. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தமிழிலிருந்து கணக்கு வரை எல்லாப் பாடமும் சொல்லிக்கொடுக்க, காலேஜ் முடித்த பெண் ஒருத்தி, கவிதா மிஸ், சாயங்காலம் வீட்டுக்கே வருகிறாள்.

“தெரியல மிஸ்,” என்று நோட்டிலிருந்த கழித்தல் கணக்கைக் காட்டிச் சொல்லிவிட்டு யாழினி மறுபடியும் சிரித்தாள்.

“தெரியலன்னா நல்லதாப் போச்சு, வா பாக்கலாம்,” என்று மிஸ்ஸும் சிரித்தாள். என் பிள்ளை அவள் தோளில் சாய்ந்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. நான் உள்ளே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

மிஸ் கிளம்பியதும், இனி நானே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அதே கழித்தல் கணக்கைப் போடச் சொன்னேன்.

“தெரியுமாடி?”

“தெரியும்மா.”

தெரியவில்லை. தப்பாகப் போட்டுவிட்டு என் கையையே பார்த்தாள். அடிப்பேன் என்று நினைத்திருக்கிறாள்.

கையை மடியில் வைத்துக்கொண்டேன். “எனக்கும் மறந்துபோச்சு. நீ சொல்லிக்குடு.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “ரெண்டுலேருந்து ஏழு போவாதுல்ல? அப்ப பக்கத்து வூட்டுக்குப் போயி ஒரு பத்து வாங்கிட்டு வரணும்.” அந்த இழுவை, அந்தத் தலையாட்டல், எல்லாம் அப்படியே கவிதா மிஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் அடுத்த கணக்கும் தெரியாது என்றேன்.