வலப்பக்கம் பை வைத்த சட்டை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, உன் தங்கை மூவரும் நலம். நீ நலமா என்று எல்லாக் கடிதத்திலும் கேட்பேன், இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. பதினெட்டு நாளாக உன் போன் அடிக்கிறது, எடுப்பதில்லை. அவனுக்கு வேலை நேரம் மாறியிருக்கும், சும்மா நச்சரிக்காதே என்கிறார் அப்பா. சொல்லிவிட்டு அவரே மாடிக்குப் போய் அடித்துப் பார்க்கிறார்.

ஏரிக்கரையில் கூடாரம் போட்டு மூன்று நாள் தங்கினோம். எல்லாம் உன் தங்கை பிடிவாதம். அப்பா கம்புகளை மாற்றி மாற்றிச் செருகியதில் கூடாரம் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. நான் பழக்கத்தில் நாலு தட்டு கொண்டுபோயிருந்தேன். ஏரிக்குப் பின்னால் ஒரு பழைய கிராமம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன் ஒரே நாளில் எல்லோரும் எழுந்து போய்விட்டார்களாம், வெறும் சுவர்தான் மிஞ்சியதாம். இப்போது கூரை, கதவு, கிணறு எல்லாம் அன்றிருந்தபடியே கட்டி, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். வீட்டுக்கு வீடு ஆளுயரத் துணிப் பொம்மைகள். ஒன்று மாவு பிசைகிறது, ஒன்று செருப்புத் தைக்கிறது. எதற்கும் கண் மூக்கு கிடையாது. கண்ணாடியைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டு வந்த அப்பா ஒரு பொம்மையிடம் வழி கேட்டுவிட்டார். விடுங்கப்பா, நம்ம அண்ணன் மாதிரிதான், கேட்டா பதில் வராது என்றாள் உன் தங்கை. சிரித்தோம்.

கடைசி வீடு. ஜன்னலருகே ஒரு பொம்மை, எங்களுக்கு முதுகு காட்டி, வெளியே பார்த்தபடி. சாம்பல் நிறச் சட்டை. சுற்றிப் போய் முன்னால் நின்றேன். பை வலப்பக்கம் இருந்தது. நீ ஊருக்குப் போன அன்று நான் அவசரத்தில் பையை மாற்றி வைத்துத் தைத்தேனே, பிரிக்க நேரமில்லாமல், பரவாயில்லம்மா என்று நீயும் போட்டுக்கொண்டு போனாயே, அதே போல. காலரைத் திருப்பிப் பார்த்தேன். துவைக்கும்போது மாறாமலிருக்க உன் துணிக்கு மட்டும் நான் போடும் சிவப்பு நூல், மூன்று தையல். அப்பாவிடம் சொன்னேன். உலகத்துல நீ ஒருத்திதான் தப்பாத் தைப்பியா, வா என்று முன்னால் போய்விட்டார். வாசலில் காவலுக்கு இருந்த பெண்ணைக் கேட்டேன். துணியெல்லாம் மொத்தமா மூட்டையில வரும்மா, யாரு தைக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது, தொட்டுராதீங்க என்றாள்.

தொட்டேன். இரண்டாவது பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. தையல்காரியின் கை சும்மா இருக்குமா. கைப்பையிலிருந்து ஊசியை எடுத்தேன், சாம்பல் நூல் இல்லை, கறுப்பு. உனக்குச் சட்டையைக் கழற்றாமலே தைப்பேன், ஞாபகம் இருக்கும். ஊசி குத்தாமலிருக்க மூச்சைப் பிடிச்சுக்கோ என்பேன், முடிச்சுப் போட்டதும் போதும், விடு என்பேன். விடச் சொல்லும்வரை விடமாட்டாய், முகம் சிவக்க நிற்பாய். அன்றும் வாய் தானாகச் சொல்லிவிட்டது, மூச்சைப் பிடிச்சுக்கோ.

துணி அசைவது நின்றது.

அதுவரை அசைந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

வெளியே மணி அடித்தார்கள். அம்மா, பூட்டப் போறாங்க என்று உன் தங்கை கத்தினாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு ஓடினேன். கூடாரத்தில் தட்டுகளை எடுத்துவைக்கும்போதுதான் உறைத்தது. மூச்சை விடச் சொல்லவில்லை. விடிந்ததும் போனேன். வார விடுமுறை, பூட்டு. ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த முகமில்லாத முகம். சொன்னேன். கண்ணாடியைத் தாண்டிக் கேட்டிருக்குமா, தெரியவில்லை. பின்னாலேயே வந்திருந்த அப்பா கேலி செய்யவில்லை. இன்னும் உரக்கச் சொல்லு என்றார். நீ போனை எடுக்காத முதல் நாள் அதுதான்.

வேளைக்குச் சாப்பிடு. தலையில் ஈரத்தோடு படுக்காதே. எங்கிருந்தாலும் நன்றாக இரு, எங்கள் ஆசி எப்போதும் உண்டு. அந்தச் சட்டை உன்னிடம் இருந்தால் இரண்டாவது பொத்தானைப் பார், என்ன நூல் என்று ஒரு வரி எழுது. அதெல்லாம் பிறகு. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் முதலில் இதைச் செய்.

போதும் கண்ணா. விடு.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா