வெறும் மூக்கு

3-9-1974, செவ்வாய்

வேலூரிலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது. ஓட்டப் பந்தயத்தில் இறங்கும் பெண்கள் முழங்கால் அளவு கால்சட்டையும் பனியனும்தான் போட வேண்டுமாம். பாவாடை, தாவணி கூடாது. வளையல், கொலுசு, தோடு, மூக்குத்தி, சங்கிலி எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. இருந்தால் ஓடவே விடமாட்டார்கள். போன வருஷம் ஒருத்தி கையில் இருந்த இரண்டு கண்ணாடி வளையலுக்காக எங்கள் ரிலே குழுவையே வெளியே அனுப்பினார்கள். அது இன்னும் ஆறவில்லை எனக்கு.

தலைமையாசிரியை சந்திரகலா அம்மா தாளை என் பக்கம் தள்ளி, "டிரில் டீச்சர், நீங்களே பாத்துக்குங்க" என்றார். பதினான்கு வருஷமாக நானேதான் பார்த்துக்கொள்கிறேன். குதிகால் வலி இன்று ஜாஸ்தி.

6-9, வெள்ளி

கால்சட்டைக்கு வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். பதினோரு பேரில் நான்கு பேர் அத்தோடு நின்றுவிட்டார்கள். பத்தாவது படிக்கும் வேதா மட்டும் முதல் ஆளாக அப்பா தசரதனின் கைநாட்டோடு வந்தாள். அடி அண்ணாமலையிலிருந்து தினமும் மலையோரமாக நடந்து வருகிற பெண். நானூறு மீட்டரில் அவளைப் போல் ஓடுகிற பெண் என் கைக்கு இதுவரை வந்ததில்லை.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிடுவதாக வீட்டில் பேச்சாம். வேலூரில் நடக்கும் மாவட்டப் போட்டி வரை போய்ப் பேர் வாங்கினால் கடைசி வருஷமான பதினொன்றாவதுக்கும் அனுப்புவார்கள் என்று அவள் நம்புகிறாள். நானும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

13-9, வெள்ளி

இன்று எங்கள் மைதானத்திலேயே வட்டாரப் போட்டி. காலையில் எல்லாப் பெண்களும் நகையைக் கழற்றி என் கைக்குட்டையில் முடிந்து கொடுத்துவிட்டார்கள். வேதாவின் மூக்குத்தி மட்டும் வரவில்லை. சின்ன வயதில் போட்டதாம், திருகாணி இறுகிக் கிடந்தது. சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், எண்ணெய் விட்டுப் பார்த்தேன். "அம்மாவக் கேக்கணும் டீச்சர்" என்றாள். நேரமில்லை என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தேரடித் தெரு காசி பத்தரிடம் உட்கார வைத்தேன். அவர் திருகாணியை வெட்டி எடுத்துவிட்டார். ஒரு பொட்டு ரத்தம், அவ்வளவுதான். மூக்குத்தியைச் சரிசெய்து தருவதாக அவரே வைத்துக்கொண்டார்.

வேதா முதலாவது! இரண்டாவது வந்தவள் இருபதடி பின்னால். மாவட்டத்துக்குத் தேர்வாகிவிட்டாள். எனக்குச் சந்தோஷம். இந்த வார்த்தையை இந்த நோட்டில் எழுதி வெகு நாளாகிறது.

17-9, செவ்வாய்

வேதா நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

19-9, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டதும் அடி அண்ணாமலைக்கு நடந்தே போனேன். வேதாவின் அம்மா ஜோதியம்மாள் சாமந்தி பறித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா எம்பொண்ண வெறும் மூக்கோட அனுப்பிட்டீங்களே! காச்சல்ல கெடந்தப்ப படவேட்டம்மாவுக்கு வேண்டிக்கினு போட்டது அது. கழட்டறதுக்கு நீங்க யாரு டீச்சர்?"

விதி என்றேன். சுற்றறிக்கை என்றேன். கால்சட்டைக்குச் சம்மதித்தவள் மூக்குத்திக்கு ஏன் இப்படிக் குதிக்கிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அப்போதுதான் அவள் கேட்டாள்.

"உங்க மூக்கு காலியா கீதுன்னு எம்பொண்ணு மூக்கையும் காலி பண்ணிட்டீங்களா?"

தசரதன், "ஏ ஜோதி!" என்று அதட்டினார். சொன்னது சொன்னதுதானே.

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. நான் என்ன பண்ணேன்? யாருக்காக ஓடறேன் நான் இந்த வெயில்ல? எவளோ படிச்சா எனக்கென்ன, படிக்காட்டி எனக்கென்ன? போதும்.

20-9, வெள்ளி

தலைவலி என்று லீவு எழுதிக் கொடுத்தேன். தலை வலிக்கவில்லை.

24-9, செவ்வாய்

நான்கு நாளாக ஒன்றே ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது.

அவர் போய் இரண்டு வருஷமாகிறது. பத்தாம் நாள் என்னை மணையில் உட்கார வைத்தார்கள். சின்ன மாமியார் என் மூக்குத்தியைத் திருகினாள். வரவில்லை. எண்ணெய் விட்டாள். பிறகு வந்தது. என் மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தார். கழற்றட்டுமா என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்டிருக்கலாம்.

வேதா, அம்மாவைக் கேட்கணும் என்றாள். என் காதில் நன்றாகவே விழுந்தது. நேரமில்லை என்றேன்.

29-9, ஞாயிறு

காசி பத்தரிடமிருந்து மூக்குத்தியை வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். புதுத் திருகாணி போட்டிருந்தார். ஜோதியம்மாள் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே பொட்டலத்தைக் கொடுத்தேன். "வேதாவ ஓட விடுங்கன்னு கேக்க வரல. கேக்காம கழட்டினது தப்பு. அத சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

அவள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "உங்குளுத எப்பங்க எடுத்தாங்க?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. பத்தாம் நாள். என்னையும் யாரும் கேக்கல."

உள்ளே போனவள் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். உப்பு கம்மி. முழுவதும் குடித்தேன்.

30-9, திங்கள்

வேதா வந்துவிட்டாள். மூக்கில் மூக்குத்தி இல்லை. துளை தூர்ந்துவிடாமல் ஒரு சிறிய வேப்பங்குச்சி செருகியிருக்கிறது. "ஓடி முடிச்சிட்டு வா, அப்புறம் படவேட்டுக்குப் போயே போட்டுக்கலாம்னு அம்மா சொல்லிச்சி டீச்சர்" என்றாள். சரி போ, நாலு சுற்று ஓடு என்று விரட்டிவிட்டு மரத்தடிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

12-10, சனி

வேலூர். புழுதி, வெயில், தண்ணீர்ப் பானை காலி. கோட்டில் நிற்கும் பெண்களைச் சோதிக்க ஆதிமூலம் என்று ஒரு அதிகாரி கையில் சுற்றறிக்கையோடு வந்தார். வேதாவின் முன்னால் நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது மூக்குல?"

"வேப்பங்குச்சி சார்."

தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். நான் ஓடிப்போய், "நகைன்னுதான் சார் போட்டிருக்கு" என்றேன். அவர் என்னை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "பல்லு வெளக்கறதயெல்லாம் நகைன்னு எழுதிக் குடுத்தா என்னத்தான் கேலி பண்ணுவாங்க. நில்லும்மா, நில்லு."

மூன்றாவதாக வந்தாள். மாநிலப் போட்டிக்கு முதல் இரண்டு பேர்தான். கடைசி இருபதடியில் விட்டுவிட்டாள். இரண்டு வாரம் பயிற்சி இல்லாமல் போனது என்னால்தான். திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவ்வளவுதான், பத்தாவதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

4-11, திங்கள்

ஜோதியம்மாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். பூக்கூடையைச் சுவரோரம் இறக்கிவிட்டு மைதானத்தில் என்னிடம் வந்தாள்.

"மூணாவதா வந்தாளாமே. முன்னாடி வந்த ரெண்டு பேரும் இன்னா படிக்கறாங்க?"

"ரெண்டு பேருமே பதினொண்ணாவது."

"அப்ப அடுத்த வருசம் அவங்க இருக்கமாட்டாங்க."

"ஆமா."

"இவ இருப்பா" என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அடுத்த வருஷ ஓட்டமும் முடிந்த பிறகு மூக்குத்தியைப் போட்டுக்கொள்ளட்டும், அம்மனிடம் சொல்லியாயிற்று என்றாள். பிறகு மடியிலிருந்து ஒரு வாழையிலைத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே ஐந்தாறு வேப்பங்குச்சி, ஒரே அளவாகச் சீவி வைத்திருந்தாள்.

"அன்னிக்கு வாய்க்கு வந்தத பேசிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க டீச்சர். உங்குளுதும் தூந்துடப் போவுது."

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

5-11, செவ்வாய்

காலையில் குளித்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று ஒரு குச்சியை எடுத்து வைத்துப் பார்த்தேன். பாதி தூர்ந்திருந்தது. வலித்தது. கொஞ்சம் அழுத்தினேன். உள்ளே போய்விட்டது.

காப்பி குடிக்கும்போது மாமியார் பார்த்துவிட்டார்.

"மூக்குல இன்னா?"

"வேப்பங்குச்சி."

"எதுக்கு?"

"தூர்ந்துடாம இருக்க."

தம்ளரைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். எழுந்து சமையலறைக்குப் போனார்.

"வெறும் குச்சிய வெச்சா சீழ் புடிக்கும்" என்று தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.