அம்பாசிடரின் இடது முன்சக்கரம்

4-7-2004, ஞாயிறு

பூசை முடிந்து கம்மாபுரம் போய் நாத்தனார் ஜோஸ்பினைப் பார்த்துவிட்டு வந்தோம். எட்டு மாதம். பிரஷர் அதிகமாம். வலி கண்டால் நேராகப் பாண்டி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், உள்ளூரில் வைத்துக்கொண்டு தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "நம்ம வண்டி இருக்குது. நானே கூட்டிட்டுப் போறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

திரும்பும் வழியில் அம்பாசிடர் உறுமுகிறது. சார்லஸ் டயர் என்கிறார். என் வீட்டுக்காரருக்கு வண்டியில் எது கெட்டாலும் டயர்தான்.

6-7, செவ்வாய்

தனியாக ஓட்டிப் பார்த்தேன். வேகம் கூடினால் உறுமல் கூடுகிறது. நியூட்ரலில் தள்ளி உருளவிட்டேன் — அப்போதும் உறுமல். அப்படியானால் இஞ்சின் இல்லை. வலப்பக்கம் வளைத்தால் அதிகமாகிறது, இடப்பக்கம் வளைத்தால் அடங்குகிறது. வலப்பக்கம் வளையும்போது பாரம் இடது சக்கரத்தில்தானே விழும்? இடது முன்சக்கரப் பேரிங். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். லொடக் லொடக். வேறு சாட்சி வேண்டாம்.

"நீ படிச்சது பி.காம்." என்கிறார் சார்லஸ். பி.காம். படித்தவளுக்குக் காது இருக்கக் கூடாதா?

10-7, சனி

மெக்கானிக் பக்கிரி புது பேரிங்குகள் வாங்கி வந்தார். மழை வருகிற மாதிரி இருந்தது. "கடைக்கு எடுத்துட்டுப் போயிடலாங்க்கா" என்றார். அவர் கடையில் விட்ட வண்டி எப்போது திரும்பும் என்று எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதருக்கே தெரியாது. பீங்கான் பொம்மை செய்கிற எங்கள் செராமிக் ஷெட்டிலேயே வேலையை முடிக்கச் சொன்னேன். கூரை இருக்கிறது, என் கண் முன்னாலும் இருக்கும்.

நானும் கூடமாட நின்று, புது பேரிங்குகளைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தேன். பழைய பேரிங்கின் உட்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருந்தது. சாயங்காலம் கம்மாபுரம் வரை ஓட்டினேன். உறுமலே இல்லை. சார்லஸ் வந்து டயரை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதுவே எனக்குப் போதும்.

27-7, செவ்வாய்

மறுபடியும் உறுமல். அதே சக்கரம்.

28-7, புதன்

பக்கிரியின் கடைக்குப் போய்க் கத்திவிட்டேன். "டூப்ளிகேட்ட மாட்டிவுட்டுட்டீங்களா? புள்ளத்தாச்சிய ஏத்திட்டுப் போற வண்டிங்க இது!" அவர் முகம் சுண்டிப்போயிற்று. "கழட்டிப் பாத்துட்டுப் பேசுங்கக்கா" என்றார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் சார்லஸ், "வண்டிய வித்துடலாம் விமலா. ஜோஸ்பினுக்கு வாடகைக் காரு சொல்லிக்கலாம்" என்கிறார். அகால நேரத்துல வலி வந்தா எந்த வாடகைக்காரன் ஓடி வருவான்? வாக்குக் கொடுத்தது நான். எனக்கு எதுக்கு இப்ப அழுகை வருது? சரியாத்தானே கண்டுபிடிச்சேன்!

29-7, வியாழன்

பக்கிரி சக்கரத்தைக் கழற்றினார். பேரிங் நல்ல கம்பெனிதான், அசல்தான். ஆனால் சுற்றினால் நறநறக்கிறது. அதிலிருந்த கிரீஸை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். ஷெட்டில் தினமும் கரைத்த களிமண்ணை இப்படித்தான் தேய்த்துப் பார்க்கிறேன், சலித்தது போதுமா என்று. விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் மண்.

அன்றைக்கு நான் பேரிங்கைத் துடைத்தது பொம்மை அச்சு துடைக்கிற துணியால். வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது, சுத்தமான துணி என்றுதான் எடுத்தேன். அந்த ஷெட்டில் மேசை, டீ கிளாஸ், தலைமயிர் எல்லாவற்றிலும் மாவு மாதிரி மண் படிந்திருக்கும். அதைத் தூசி என்று நாங்கள் யாரும் நினைப்பதே இல்லை.

"தப்பு என்னுதுதாங்க பக்கிரி. நேத்து கத்துனதும் தப்பு" என்றேன்.

"வுடுங்கக்கா. நானும் அங்க வச்சு வேல செய்ய ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது" என்றார்.

நான் தவறியது துணியில்தான், காதில் இல்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

1-8, ஞாயிறு

இன்னொரு ஜோடி பேரிங். இந்தத் தடவை கிரீஸ் ஏற்றியது எங்கள் சமையலறையில்! தரையைக் கழுவி, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, சலவை வேட்டி ஒன்றை விரித்தேன். சார்லசின் வேட்டிதான். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் விளிம்பால் வழித்து வழித்து, மறுபக்கம் பிதுங்கும் வரை ஏற்ற வேண்டும். பக்கிரி ஒன்று, நான் ஒன்று. சக்கரத்தின் உட்பக்கத்தையெல்லாம் மண்ணெண்ணெயில் அலசி, வீட்டு வாசலிலேயே மாட்டினோம். ஷெட் இருக்கும் திசைக்கே வண்டியைக் காட்டவில்லை.

"அடுத்தது இஞ்சினயும் அடுப்பு மேல ஏத்துவியா?" என்றார் சார்லஸ்.

"தேவப்பட்டா ஏத்துவேங்க."

9-8, திங்கள்

கம்மாபுரத்திலிருந்து போன். ஜோஸ்பினுக்கு வலி. கிளம்புகிறேன்.

14-8, சனி

பெண் குழந்தை. இருவரும் சுகம். அன்றைக்குப் போகும்போது ஜோஸ்பின் போட்ட கூச்சலைத் தவிர வண்டியில் வேறு சத்தமே இல்லை. பிறகு டாக்டர், "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர், முடிக்கவில்லை. 

இன்று தாயையும் பிள்ளையையும் கூட்டி வந்தேன். வடலூர் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து ஜோஸ்பின், "அண்ணி, வண்டி ஓடுதா நிக்குதா?" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன், குழந்தை அவள் மடியில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து சீட்டில் சார்லஸ், வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம். நான் ஓட்டும்போது இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் கண்ணை மூடியதில்லை.